முதுகு சொடுக்கப் போனோம்

கீழே விழுந்த டேப் உருளையை எடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. பேக்கிங் பகுதியில் அது எனக்குப் பதினாறாவது வருடம். நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளை ஒட்டி, தூக்கி, மரப்பலகை மேல் அடுக்குகிற வேலை. அத்தனை வருடமும் அந்தப் பெட்டிகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டேப் உருளைதான் பிடித்துப் போட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்து நாற்காலி போட்டார். உட்காரவும் முடியவில்லை. யார் காலிலோ விழுந்து கும்பிடப் போகிறவள் பாதியில் மனசு மாறி நின்றுவிட்ட மாதிரி, அரைக் குனிவில் நின்றேன். லைனில் சாமான்கள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. லைன் நிற்காது.

என் கணவருக்கு அதற்கு முன்பே முதுகுவலி இருந்தது. சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலை வெட்டுகிறவர். நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டும். விழுந்த குலையை இரும்புக் கொக்கியால் குத்தித் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். காலையில் அவர் கட்டிலை விட்டு எழுந்து நேராக நிற்கவே அரைமணி நேரம் ஆகும். வலி என்று சொல்ல மாட்டார். "லேசா பிடிச்சிருக்கு" என்பார். பத்து வருடமாக லேசாகப் பிடித்திருந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கு வெளியூர் போன பிறகு பீடோங்கில் அந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். காலையில் இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவோம். எதிரெதிரே வந்துவிட்டால் யார் ஒதுங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

கம்பெனி கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் எம்.சி. லீவு எழுதித் தருவார்கள். ஊசி போட்ட இடம் வலிக்கும்போது முதுகு வலி தெரியாது. அது ஆறியதும் முதுகு தன் வேலையைத் தொடங்கிவிடும். சிடாம் கிரியில் உடம்பு பிடித்துவிடுகிற மலாய்க்கார மாக்சிக் ஒருவரிடமும் போனேன். சூடான எண்ணெய் போட்டு அந்த அம்மா அழுத்தியபோது அங்கேயே தூங்கிவிட்டேன். எழுப்பியபோது மறுபடி வலி. சுகமாக ஒரு மணி நேரம் தூங்கியது மிச்சம்.

கைரோபிராக்டிக் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் சாப்பாட்டுக்கடை அண்ணன்.

எங்கள் தொழிற்சாலை பஸ் பீடோங் கடைத்தெருவில் நின்று ஆள் ஏற்றும். அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக ரொட்டி மாவு பிசைந்து வீசியவர். காலையில் அவர் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்வதை அவர் சில நாளாகவே கவனித்திருக்கிறார்.

"என்னம்மா தங்கச்சி, இடுப்பா?"

"ஆமாண்ணே. ஆறு மாசமாச்சு."

"ஊசிதான் போடுறியா? அதெல்லாம் வேஸ்ட் லா. என்னைப் பாரு." கல்லாவிலிருந்து வெளியே வந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே குனிந்து தன் செருப்பைத் தொட்டுக் காட்டினார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போன வருசம் என்னால தட்டு எடுக்க முடியல. சுங்கைப்பட்டாணில எலும்பு சொடுக்குற இடம் ஒண்ணு இருக்கு. சீனப் பொண்ணு. சின்ன உருவம்தான், கை மட்டும் இரும்பு. நாலு தடவ போனேன். முடிஞ்சிச்சு."

"பயமா இருக்காதாண்ணே?"

"படக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். அதுக்கு அப்புறம் நீ வேற ஆளு."

வேற ஆள் ஆக வேண்டும் என்று அந்த நேரம் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

கடைவீட்டு வரிசையில் முதல் மாடி. முதுகுவலிக்காரர்கள் வருகிற இடத்தை யார் மாடியில் வைத்தார்களோ தெரியவில்லை. படியைப் பாதி ஏறிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார். இருவரும் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினோம்.

உள்ளே குளிர். மேசை மேல் பிளாஸ்டிக்கில் முதுகெலும்பு ஒன்று தொங்கியது. ஃபாரத்தில் எங்கே வலிக்கிறது என்று ஒரு மனித உருவத்தில் வட்டம் போடச் சொன்னார்கள். நான் இடுப்பில் போட்டேன். இடது தொடையில் போடலாமா என்று யோசித்தேன். அப்போது அங்கே வலி கொஞ்சம்தான், சில நாள் வரும், சில நாள் வராது. போடவில்லை. அதைப் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வெளிநாட்டில் படித்தவள். என்னிடம் மலாயில் பேசினாள், 'காக்' என்று மரியாதையாக. காக் என்றால் அக்கா. கிளினிக்கில் எடுத்துக் கையில் கொடுத்திருந்த எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன் வைத்து, என் முதுகு எப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பேனாவால் காட்டினாள். பதினாறு வருடத்தில் யாரும் என் முதுகை எனக்குக் காட்டியதில்லை. கிளினிக் டாக்டர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்தப் பெண் இருபது நிமிடம் என் எலும்பைப் பற்றியே பேசினாள். அதிலேயே எனக்குப் பாதி வலி போய்விட்ட மாதிரி இருந்தது.

பிறகு முகம் வைக்க ஓட்டை இருந்த கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னாள். ஓட்டை வழியே தரையும் அவளுடைய வெள்ளைச் சப்பாத்தும் தெரிந்தன. முதுகில் இரண்டு கையையும் வைத்தாள்.

"மூச்சை இழுங்க காக். விடுங்க. உடம்பைத் தளர்த்துங்க."

விட்டேன். அழுத்தினாள். கட்டிலின் ஒரு பகுதி டக்கென்று கீழே இறங்கியது. பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு காலை மடக்கி, என் தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் தள்ளினாள். உள்ளே வரிசையாக நாலைந்து சத்தம். நான் அழுதுவிட்டேன். வலியால் இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் டிஷ்யூ எடுத்துக் கொடுத்துவிட்டு, "பல பேர் அழுவாங்க, பரவாயில்ல" என்றாள்.

படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தொடவில்லை.

மூன்று நாள் நன்றாக இருந்தேன். வீட்டில் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்து மாட்டினேன். அலமாரிக்குக் கீழே விளக்குமாற்றை விட்டுப் பெருக்கினேன். மூன்றாம் நாள் மாலை சமையல் கட்டில் நின்று பாட்டு முணுமுணுத்தேனாம், அவர் சொன்னார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த இடத்தைச் சொன்னேன். பஸ்ஸில் இரண்டு பேருக்கு விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் வலி திரும்பி வந்தது. அப்படித்தான் வரும், பத்துத் தடவை வர வேண்டும், அப்போதுதான் எலும்பு பழகும் என்று கவுண்டரில் இருந்த பெண் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் நான் கவலைப்படவில்லை. வாராவாரம் போனேன். மூன்றாவது தடவை என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் லேசில் வரவில்லை. "ஒரு பொம்பளப் பிள்ள என் முதுகுல ஏறி உட்காந்து சொடுக்குறதா? தோட்டத்துல கேட்டா சிரிப்பானுங்க லா."

"யாரும் ஏறி உட்கார மாட்டாங்க. சும்மா வாங்க. நான் உள்ள போனா நீங்க கார்ல உட்காந்துதானே இருக்கப் போறீங்க?"

"கார்ல ஏர்கான் இருக்கு."

"அங்கயும் ஏர்கான் இருக்கு."

அந்த ஏர்கானுக்காகத்தான் மேலே வந்தார் என்று நினைக்கிறேன். வந்த இடத்தில், நாற்காலியிலிருந்து அவர் எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணே, அண்ணனுக்கான மலாய்ச் சொல்லால், "அபாங், உங்களுக்கு எத்தனை வருசமா?" என்று கேட்டாள். அவரால் மறைக்க முடியவில்லை.

கட்டிலில் படுத்தவர் முனகக்கூட இல்லை. ஆனால் சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. காய்ந்த செம்பனை மட்டையை மிதிக்கிற மாதிரி. எழுந்து வந்தபோது முகத்தில் ஒரு திகைப்பு. இரண்டாவது தடவை போய் வந்த மறுநாள் காலை, அலாரம் அடித்ததும் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போனார். நான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவைக்குப் பிறகு அவருக்கு வலி இல்லை. லேசாகப் பிடித்திருந்ததுகூட இல்லை. பத்து வருடமாகக் குனிந்து நடந்தவர் நிமிர்ந்தபோதுதான், அவர் என்னைவிட எவ்வளவு உயரம் என்பது எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. இவரே வேலையை மேற்பார்க்கிற மண்டோரைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு மண்டோரின் மச்சானை. கோயில் திருவிழாவில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ கழுத்தைத் தடவியதைப் பார்த்துவிட்டு, தீபாராதனை நடக்கும்போதே எலும்பு வரிசையைப் பற்றி விளக்கம் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் மட்டும் தேறவில்லை. ஐந்தாவது, ஆறாவது தடவை போய் வந்த பிறகு இடுப்பு வலி குறைந்து, காலுக்கு இறங்கியது. தொடையிலிருந்து கெண்டைக்கால் வழியாக மின்சாரம் மாதிரி ஓடும். பிறகு பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனது. வலி இடம் மாறினால் நல்லதுதான், வெளியே போகிறது என்று கவுண்டர் பெண் சொன்னாள். நானும் அதை நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது. அவர் நிமிர்ந்து நடப்பதைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

"நீ உடம்ப லூசா விட மாட்டேங்கிற. அதான்," என்றார் ஒரு நாள், திரும்பி வரும் வழியில். "அவங்க சொல்றப்ப மூச்ச விடணும். நீ புடிச்சி வச்சிருக்க."

"விட்டுத்தான் இருக்கேன்."

"விட்டா சரியாகியிருக்குமே. எனக்கு ஆகலயா?"

"உங்க முதுகு வேற, என் முதுகு வேற."

"எல்லாருக்கும் எலும்பு ஒண்ணுதான் லா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு பக்கமும் செம்பனை. அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். அந்தத் தாளம் எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிய கணவர் வலி இல்லாமல் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். படவில்லை. இரண்டு பேருக்கும் வலி இருந்தபோது வீட்டில் ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அவர் அந்தப் பக்கம் போய்விட்டார், நான் இந்தப் பக்கம் தனியாக நிற்கிறேன். இதை எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது. அப்போது அசிங்கமாகத் தோன்றவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது.

அதற்கு மறுவாரம் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் ஏறிய பெண் என் இடது காலின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இது உங்களுது தானே? படியில கிடந்துச்சு." கீழே பார்த்தேன். என் இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கைரோ பெண்ணிடம் சொன்னேன். கட்டிலைத் தயார்செய்து கொண்டிருந்தவள் நின்றாள். "காக், சப்பாத்தைக் கழற்றிட்டுக் குதிகாலால நடங்க" என்றாள். குதிகாலை மட்டும் ஊன்றி, பாதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வலது பாதம் தூக்கி நின்றது. இடது பாதம் தட்டென்று தரையில் விழுந்தது. மறுபடி நடக்கச் சொன்னாள். மறுபடி விழுந்தது. கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு, "மேல தூக்குங்க" என்றாள். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். விரல் அசையவில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்கு நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. இனியும் செய்யக் கூடாது. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் லெட்டர் எழுதித் தர்றேன். நாளைக்கே போங்க."

என் கணவர், "இன்னும் ரெண்டு தடவ பாக்கி இருக்கே, டாக்டர்?" என்றார். அவளை அவர் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டேன். "இது இங்க வந்ததாலயா?"

எழுதுவதை நிறுத்தினாள். இல்லை என்று உடனே சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஆமாம் என்றாலும் நம்பியிருப்பேன்.

"தெரியல, காக்," என்றாள். "வராமலே இருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். ஆனா வலி காலுக்கு இறங்குதுன்னு நீங்க சொன்னப்பவே நான் உங்களை நடக்க வச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல."

அவ்வளவுதான். கவரை ஒட்டிக் கொடுத்தாள். நாங்கள் படியில் இறங்கினோம். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. அவர் எனக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கினார், நான் விழுந்தால் பிடிப்பதற்காக.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்பதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நம்பர் சீட்டு, பெஞ்சு, மறுபடி ஒரு சீட்டு, மறுபடி ஒரு பெஞ்சு. முதுகுவலிக்காரர்களுக்குப் பெஞ்சைவிடக் கொடுமை எதுவும் இல்லை. பாதி நேரம் சுவரோரம் நின்றேன். ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுத்திருந்தபோது தொழிற்சாலையில் ஏதோ மெஷின் கெட்டுப்போன மாதிரி சத்தம். முடிந்ததும் படத்தில் காட்டினார்கள். முதுகெலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது.

முதலில் பார்த்த டாக்டர், "யாராவது சொடுக்கினாங்களா?" என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அடுத்த தடவை வேறு டாக்டர். அவரிடம் நானே சொன்னேன். "அதனாலதான்னு சொல்ல முடியாது. உங்க வேலையைப் பார்த்தா இது எப்பவோ வந்திருக்க வேண்டியது" என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு பேரும் அந்த ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். யார் சொன்னதை வைத்துக்கொள்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டேன்.

கால் பலம் குறைந்துகொண்டே போனதால் ஆபரேஷன்தான் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். என் கணவர் ஃபாரத்தை இரண்டு தடவை படித்தார். மலாயில் இருந்த ஏதோ ஒரு வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுப் பார்க்கலாமா?" என்றார்.

"அந்தப் பொண்ணுதானே இங்க அனுப்பினா?"

ஃபாரத்தை நர்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, நெடுநேரம் உட்காரவும் கூடாது. மகள் ஒரு வாரம் லீவு போட்டு வந்து இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவர்தான். குலை வெட்டிவிட்டு மத்தியானம் வந்து, எனக்குச் சோறு வைத்து, கட்டிலிலிருந்து என்னைப் பக்கவாட்டில் உருட்டி, தோளுக்குக் கீழே கைகொடுத்து எழுப்பி, குளியலறைக்குக் கூட்டிப்போய், குனிந்து என் காலுக்குச் சோப்புப் போட்டுவிட்டார். முப்பது வருடக் கல்யாணத்தில் அவர் என் காலைத் தொட்டதில்லை. நகம்கூட வெட்டிவிட்டார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து. போன வருடமாக இருந்தால் அவரால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. உட்கார்ந்தாலும் எழுந்திருக்க முடியாது. அந்தப் பெண் நிமிர்த்திவிட்ட முதுகால்தான் அவர் என்னைத் தூக்கினார். இதை நினைக்கும்போதெல்லாம் அவளைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்குக் குழப்பம் வந்துவிடும்.

ஒரு நாள் நகம் வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "நீ மூச்ச விட்டுத்தான் இருப்ப. நான் சொன்னது தப்பு."

"சரி விடுங்க" என்றேன். மற்றக் காலை நீட்டினேன்.

கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. கட்டைவிரல் இன்னும் சோம்பேறிதான். இடுப்பு வலி போகவில்லை. காலையில் இருக்கும், குளித்தால் குறையும், மாலையில் மறுபடி வரும். ஃபிசியோவில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறேன், எல்லா நாளும் இல்லை. தொழிற்சாலையில் என்னை லேபல் சரிபார்க்கிற இடத்துக்கு மாற்றினார்கள். தூக்குகிற வேலை இல்லை, நிற்கிற வேலை. மற்றவர்கள் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் சாப்பாட்டுக்கடை அண்ணன் தேத்தண்ணீரைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி எத்தனையோ வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றுகூட வரவில்லை.

"என்மேல கோவமா தங்கச்சி?"

"இல்லண்ணே. உங்களுக்கு நல்லாத்தானே ஆச்சு?"

அவர் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினார். கைலிக்கு மேலே இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட்.

"இது இல்லாம என்னால நிக்க முடியாது. மாத்திரையும் போடுறேன், தினமும். அங்க போய்ட்டு வந்தா ரெண்டு வாரம் சூப்பரா இருக்கும். அன்னைக்கு நீ வந்தப்ப அந்த ரெண்டு வாரத்துல இருந்தேன். பொய் சொல்லல மா. அன்னைக்கு எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

நானும் அந்த முதல் மூன்று நாளில் பஸ்ஸில் இரண்டு பேருக்கு விலாசம் எழுதிக் கொடுத்தவள்தானே. அவரை என்ன சொல்ல? தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

என் கணவருக்குப் போன மழைக்காலத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது. வழுக்குகிற மண்ணில் தள்ளுவண்டி சாய்ந்து, அதைத் தாங்கப் போனார். மறுபடி சுவரைப் பிடித்து நடந்தார். இரண்டு நாள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவர் அங்கே போக நினைக்கிறார், என்னிடம் கேட்கத் தயங்குகிறார். "போய்ட்டு வாங்க" என்று நானே சொன்னேன். போனார். இரண்டே தடவையில் நிமிர்ந்துவிட்டார். இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறார். நானும் கூடப் போவேன், ஆனால் மேலே ஏற மாட்டேன். காரில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு தடவை அந்தப் பெண்ணே கீழே இறங்கி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். கால் பரவாயில்லை என்றேன். கதவைத் திறந்து, நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, என் பாதத்தைக் கையில் வாங்கிக் கட்டைவிரலை அசைக்கச் சொன்னாள். கொஞ்சம் அசைந்தது. தலையாட்டினாள். "இப்பல்லாம் வர்ற எல்லாரையும் முதல் நாளே நடக்க வச்சுப் பார்க்கிறேன், காக்" என்றாள். நல்லது என்றேன். மாடியில் அவளுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள், போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று அவர் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் கொஞ்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க கைரோவுக்குப் போனீங்களாமே. போகலாமா, வேணாமா?"

எங்கள் இருவர் கதையையும் சொன்னேன். அவருக்கு என்ன ஆனது, எனக்கு என்ன ஆனது, இரண்டு டாக்டர்கள் என்ன சொன்னார்கள், எல்லாம். காலில் மரமரப்பு இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். அது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நல்லதா கெட்டதாக்கா? ஒண்ணு சொல்லுங்க லா."

"எனக்குத் தெரியலம்மா."

அவளுக்கு ஏமாற்றம். எனக்கும்தான். இத்தனை பட்ட பிறகு ஒரு பதிலாவது கையில் இருக்க வேண்டாமா? பெல் அடித்தது. அவள் மேசையில் கையை ஊன்றி எழுந்தாள், நானும் ஊன்றி எழுந்தேன்.

அவள் கைரோவுக்குப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு தடவையோ மூன்று தடவையோ. எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேக்கிங்கில் இன்னும் பெட்டி தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.